கோமளாவின் வாளியும் நான் படித்த புத்தகங்களும்

1

மலேசியாவின் ஈப்போவுக்கு நான் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்த வாரத்தில், வழக்கம்போல் குடிநுழைவு அலுவலகத்தின் நீளப் பலகையில் காத்திருந்தேன். பாளையங்கோட்டையில் வளர்ந்து, சென்னையில் உளவியல் பட்டம் பெற்று, எழுபதுகளின் நடுவில் இவ்வூர்க்காரர் ஒருவரை மணந்துகொண்டு வந்தவள் நான். இன்னும் ஓராண்டு இங்கே இருக்கலாம் என்ற முத்திரையை வாங்க ஆண்டுதோறும் அந்தப் பலகைக்கு வருவது, எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துமசைப் போல நிச்சயமான ஒன்று.

மடியில் இருந்த ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையில் ஒரு குழந்தை முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தது. முகப்பில் இருந்த இளம் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மலாயில் விசாரித்தார். சிக்கலான பிள்ளைகளுக்குத் தொண்டாகப் பாடம் சொல்லித் தருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். பன்னிரண்டு ஆண்டு மலாய் அந்த இடத்தில் கைவிட்டது. பழுதான மோட்டார் சைக்கிளுக்குச் சொல்லும் ‘ரோசாக்’ என்ற சொல்தான் நாக்கில் வந்தது. என் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் பழுதாகிக் கிடக்கின்றன, திங்கட்கிழமை கொண்டுவரட்டுமா என்று அவர் கேட்டார். பலகையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முத்திரை விழுந்தது.

ஊரில் இருக்கும் கல்லூரித் தோழியர், உன் படிப்பை வைத்துக்கொண்டு அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டபடியே இருக்கிறார்கள். மலாய்க்காரருக்குச் சரியாகச் சொல்ல முடியாததைத் தமிழில் சொல்லிவிடலாம் என்று பேருந்தில் திரும்பும்போது தோன்றியது. அதற்கு ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைக் கோமளா என்றே அழைக்கிறேன். அது அவள் பெயரன்று.

2

முதலில் புத்தகங்கள். ஈப்போவில் பழைய புத்தகக் கடை ஒன்று இருக்கிறது. நாடு திரும்பிய வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளும் ஈயச் சுரங்கப் பொறியாளர்களும் விட்டுச் சென்றவை அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கும். சமையல் நூல்களுக்கும் துப்பறியும் கதைகளுக்கும் நடுவில் ஒரு தனி இனம் எனக்குக் கிடைத்தது: தொல்லைப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஆசிரியைகள் எழுதிய நினைவுக் குறிப்புகள். பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஒன்றைப் படித்துவிட்டால் மற்றவற்றின் எலும்புக்கூடும் தெரிந்துவிடும். வேறெந்தப் பள்ளியும் ஏற்காத ஒரு பிள்ளை வரும். பேசாது, அல்லது கடிக்கும். தலைமையாசிரியர் நம்பிக்கையிழப்பார். ஆசிரியை ஒருத்தி மட்டும் விடாமல் நெருங்குவாள். ஒரு நாள் பிள்ளை அவள் மடியில் விழுந்து அழும். ஆண்டு முடியும். ஆசிரியை விடைபெறுவாள்.

அவற்றைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. பட்டப் படிப்பில் எலிகளைப் பற்றியும் நினைவாற்றல் சோதனைகளைப் பற்றியும் படித்தேனே தவிர, காலில் செருப்பில்லாமல் அலறிக்கொண்டு ஓடும் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. பேசாத பிள்ளையிடமும் முழு வாக்கியமாகப் பேச வேண்டும், அதன் கண் உயரத்துக்குக் குனிய வேண்டும், தோற்ற நாளுக்கு மறுநாளும் வர வேண்டும் என்பதை அந்தப் புத்தகங்கள்தாம் கற்றுக் கொடுத்தன. அந்தக் கடன் பெரியது.

என் மகள் ரூத் அவ்வளவு தாராளமானவள் அல்லள். மலாய்ப் பள்ளியில் படிக்கும் அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டவும் வராது. ஆங்கிலத்தில் என்னைவிட வேகம். என் புத்தகங்களை எனக்கு முன்பே முடித்துவிடுவாள். ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன் தீர்ப்புச் சொன்னாள்.

“எல்லாப் புள்ளையும் கடைசியில பேசிடுதுமா. முதல் பக்கத்துலயே தெரிஞ்சிடுது. போரிங் லா.”

இந்தக் கட்டுரையை அவள் படிக்கப்போவதில்லை என்பது வருத்தமே. ஆனால் அவள் சொன்னதை நான் மறக்கவுமில்லை. பாளையங்கோட்டையில் என் பள்ளிக்குப் போகும் வழியில் காது கேளாத பிள்ளைகளின் விளையாட்டுத் திடல் இருந்தது. மதிலுக்கு வெளியே நின்றால் ஓடும் காலடிகளும் பந்து மோதும் ஓசையும் மட்டும் கேட்கும்; கூச்சலே இராது. அங்கே ஏதோ குறைகிறது என்று சிறுமியான எனக்குத் தோன்றியதே இல்லை. பேசாத பிள்ளை பேசுவதுதான் கதையின் முடிவு என்று பட்டம் பெற்ற பிறகுதான் நானும் நம்பத் தொடங்கியிருக்கிறேன்.

3

எங்கள் வகுப்பு ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தில் நடக்கிறது. அரசுப் பள்ளிகள் ஏற்காத பிள்ளைகளுக்காக ஊர்க்காரர் சிலர் குழு அமைத்து நடத்துவது. பொறுப்பாளர் மிஸ் லியோங், ஓய்வு பெற்ற சீனத் தாதி. எதையும் மணியடித்துச் செய்ய வேண்டும் என்பது அவருடைய மருத்துவமனைப் பழக்கம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கோமளா எங்களிடம் வந்தாள். வயது எட்டு இருக்கலாம். பேச்சில்லை. லகாட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து, நகரப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் வேனில் வருவாள். அவள் தாய் மாரியாயி ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டியவர். முன்பெல்லாம் மகளையும் தீம்பாருக்கு, அந்த ரப்பர்க் காட்டுக்கு, அழைத்துப் போவார். தாய் மரம் மரமாக வெட்டிக்கொண்டு போகும் வேளையில் ஒரு நாள் கோமளா தனியே நடந்து, கைவிடப்பட்ட ஆழமான ஈயச் சுரங்கக் குட்டையின் விளிம்பில் போய் நின்றுவிட்டாள். அதன் பிறகு, வேலை நாளில் பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஆள் இல்லை. தாய் துண்டால் அவளைத் தூணோடு கட்டிவிட்டு வேலைக்குப் போனார். எங்கள் வகுப்பு கிடைத்த நாளில்தான் அந்தத் துண்டு அவிழ்ந்தது. பிள்ளைகளைக் கட்டிப்போடும் தாய்மார்களைப் பற்றிப் புத்தகங்களில் படித்துக் கோபப்பட்டவள் நான். அந்தக் குட்டையை ஒருமுறை பார்த்த பிறகு அந்தக் கோபம் எனக்கு வரவில்லை.

வகுப்பில் பத்து மணிக்கு மைலோ என்ற சத்துப் பானம் கொடுப்போம். மேசைகளில் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஊற்றி முடித்ததும் மிஸ் லியோங் கைமணியை அடிப்பார். பிள்ளைகள் குடிக்க வேண்டும். மணி ஒலித்த கணமே கோமளா எழுந்துவிடுவாள். தரை துடைக்கும் வாளியை எடுத்துக்கொண்டு முதல் மேசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கோப்பையையும் அதில் கவிழ்ப்பாள். தன்னுடையதையும் விடமாட்டாள். தடுத்தால் அலறுவாள், தலையை மோதுவாள்.

புத்தகங்கள் எனக்கு உடனே விளக்கம் தந்தன: இல்லாமையில் வளர்ந்த பிள்ளை, பிறருக்குக் கிடைப்பதைப் பொறுக்க முடியாத பிள்ளை, தனக்குக் கிடைப்பதையும் நம்ப முடியாத பிள்ளை. மருந்தும் தந்தன: அணைப்பு. மணி அடித்ததும் முழங்காலிட்டு அவளை இறுகக் கட்டிக்கொள்வேன். என் தோளுக்கு மேலே கோப்பைகளைப் பார்த்தபடி அவள் கதறுவாள். வாரக்கணக்கில் செய்தேன். மடியில் விழுந்து அழும் அத்தியாயம் வரவேயில்லை.

ஒன்று மட்டும் என் விளக்கத்தோடு பொருந்தவில்லை. கவிழ்த்த பிறகு, கோப்பையின் உட்புறத்தை விரலால் சுற்றி வழித்து, எடுத்த இடத்திலேயே சற்றுச் சாய்த்து வைப்பாள். எந்தக் கோப்பையும் உடைந்ததில்லை. ஆத்திரத்தில் கொட்டுகிற கைக்கு இவ்வளவு பொறுமை ஏது என்று மிஸ் லியோங்கிடம் கேட்டேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இப்படிச் சில பிடிவாதங்கள் இருக்கும் என்றார்.

பிறகு அது நடந்தது. வெய் மிங் என்ற சீனப் பையன் தன் கோப்பையை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டான். கோமளா அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். மறுநாள் அவன் தந்தை வந்து, இந்தப் பெண் இருந்தால் என் மகன் வரமாட்டான் என்று சொன்னார். அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. வரும் செவ்வாய்க்கிழமை குழு கூடி அவளை அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யும் என்றார் மிஸ் லியோங். அனுப்பினால் அவள் எங்கே போவாள் என்பது எனக்குத் தெரியும். தூணுக்கு.

4

சனிக்கிழமை காலை, தாயிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று தோட்டத்துக்குப் புறப்பட்டேன். என் கணவர் சாம் காரில் அழைத்துப் போனார். அவர் தந்தை சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக, இருந்தவர். தோட்டத்திலே பிறந்தவருக்கு இந்த வாழ்க்கையெல்லாம் அத்துப்படி என்று அதுவரை நினைத்திருந்தேன். வழியில் கேட்டால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் கிராணி வீட்டுப் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்றார்.

“பால் ஸ்டோருக்கு வந்தப்புறம் எடை போடுறதத்தான் பாத்திருக்கேன். தீம்பாருக்குள்ள போனா அப்பா தோல உரிச்சிருவாருலா.”

ஆக, காரில் இருந்த இருவருமே தமிழர்கள்; இருவருமே பட்டதாரிகள்; பால்மரக் காட்டைப் பேருந்துச் சன்னல் வழியே எத்தனையோ தரம் கடந்தவர்கள். காலை வேளையில் அதற்குள் கால் வைத்ததில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு வகுப்பு நடத்திய எங்கள் குழுவிலும் அப்படிக் கால் வைத்தவர் எவரும் இல்லை.

மாரியாயி வெட்டும் நிரை, அதாவது மர வரிசை, எது என்று கேட்டுக்கொண்டு உள்ளே நடந்தோம். மரத்துக்கு ஒரு சிறு கிண்ணம், மங்கு என்பார்கள், கம்பியில் சாய்ந்திருக்க, வெள்ளைப் பால் அதில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. அப்போது எங்கோ தூரத்தில் தொங்கவிட்டிருந்த இரும்பை யாரோ தட்டினார்கள். அந்த ஓசை அடங்குமுன் மரங்களுக்கு நடுவிலிருந்து ஆட்கள் எழுந்தார்கள். வெட்டு முடித்து, பால் வடியும்வரை காத்துக்கொண்டு குந்தியிருந்தவர்கள். அவர்களோடு கோமளாவும் எழுந்தாள். பள்ளி விடுமுறை நாள் என்பதால் அவள் அக்காள் கூட இருக்க, அன்று மட்டும் அவளுக்கு அனுமதி உண்டு.

அவள் கையில் வாளி இருந்தது. முதல் மரத்துக்குப் போனாள். மங்கை எடுத்தாள், வாளியில் கவிழ்த்தாள், விரலால் சுற்றி வழித்தாள், எடுத்த இடத்தில் சாய்த்து வைத்தாள். அடுத்த மரம். அடுத்த மரம். அலறலில்லை, மோதலில்லை. பார்த்தாலே மனம் அமைதியடையும் கைவேகம் அது.

சாம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். யாரும் எங்களுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாரியாயி எங்களைக் கண்டு ஓட்டமாக வந்தார். “வாங்க டீச்சர். இம்புட்டு தூரம் வந்துட்டீங்களா? காலப் பாத்துக்குங்க, அட்டை இருக்கு.”

வகுப்பில் நடப்பதை நான் சொன்னேன். பெற்றோரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பது எங்கள் குழுவின் வழக்கம். அதனால் அவருக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது. முதலில் அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“எல்லாரு மைலோவையுமா? மணி அடிச்சா பால் எடுக்கணும்னு அதுக்கு அவ்வளவுதான் தெரியும் டீச்சர். ஒங்க பள்ளிக்கூடத்தையும் நெரைன்னு நெனச்சிருச்சு.”

பிறகு கடியைப் பற்றியும் செவ்வாய்க்கிழமையைப் பற்றியும் சொன்னேன். சிரிப்பு நின்றது. நிரையில் அடுத்த மரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்த மகளை அவர் திரும்பிப் பார்த்தார்.

“அனுப்பிருவாங்களா?”

“அனுப்ப விடமாட்டேன்” என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் ஏதும் இல்லை. ஆனால் கையில் ஒரு காரணம் இருந்தது. காரணத்துக்கு அதிகாரம் உண்டு என்று நம்புகிறவள் நான்.

5

செவ்வாய்க்கிழமை நான் கேட்டது மிகச் சிறியது: மணியை இடம் மாற்றுங்கள். மைலோ ஊற்றும்போது மணி வேண்டாம். பிள்ளைகள் அமைதியாகக் குடிக்கட்டும். குடித்து முடித்த பிறகு மணி அடியுங்கள். கோமளா கோப்பைகளைச் சேகரிக்கட்டும். ஒரு மாதம் பார்ப்போம்.

மிஸ் லியோங் எதிர்த்தார், நான் எதிர்பாராத திசையிலிருந்து. தோட்டத்து வேலையிலிருந்து இந்தப் பிள்ளையை வெளியே கொண்டுவரத்தானே இங்கே சேர்த்தோம், அந்த வேலையையே இங்கேயும் கொடுத்துப் பழக்குவதா என்று கேட்டார். நல்ல கேள்வி. இன்றும் அதை நான் மதிக்கிறேன். ஊரில் வீட்டு வேலைக்குப் பழக்கப்பட்டே முடிந்துபோன பெண் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்குத் தெரிந்ததையே மேலும் மேலும் கொடுத்தால் அதுவே அதற்குச் சிறையாகிவிடலாம்.

என் பதில் இதுதான். அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஒழுங்கு தெரியும். அதை அவள் குறையின்றிச் செய்கிறாள். அந்த ஒழுங்கைக் குற்றம் என்று சொல்லி வெளியே அனுப்பினால் அவளுக்கு மிஞ்சுவது தூணும் துண்டும். அதையே படியாக வைத்தால் அடுத்த படி ஒன்றைக் கட்டலாம். கட்டத் தெரியாவிட்டால் குறை நம்முடையது. வெய் மிங்கின் தந்தையும் கூட்டத்துக்கு வந்திருந்தார். அவர் பழைய ஈயச் சுரங்கத்து ஆள். சங்கு ஊதினால் கை தானாக எழும் என்பது அவருக்குப் புதிதன்று. ஒரு மாதம் என்றார்.

முதல் நாள் மணி அடிக்காமல் மைலோ ஊற்றினோம். கோமளா மேசைமீதிருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழவில்லை. பால் இன்னும் வடிந்துகொண்டிருக்கிறது, காத்திருக்க வேண்டும். வெய் மிங் கடகடவென்று ஒரே மூச்சில் குடித்து முடித்து, காலிக் கோப்பையைக் காவல் காத்தான். மற்றவர்கள் குடித்தார்கள். காத்திருந்து அலுத்ததாலோ என்னவோ, கோமளா தன் முன்னால் இருந்த கோப்பையை எடுத்து முகர்ந்து ஒரு மிடறு குடித்தாள். எங்கள் வகுப்பில் அவள் குடித்த முதல் மைலோ அது. மிஸ் லியோங் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மணியை எடுத்து வழக்கத்தைவிட மெதுவாக அடித்தார்.

வாளியில் அடிமண்டி மட்டுமே சேர்ந்தது. எல்லா மேசையும் முடிந்ததும் கோமளா வாளிக்குள் எட்டிப் பார்த்து நெடுநேரம் நின்றாள். வீட்டில் இதைச் சொன்னபோது சாம், “மழ பெஞ்சிருக்கும், இன்னைக்குப் பால் கம்மி” என்றார்.

அந்தக் குறையை வெய் மிங் தீர்த்தான். இரண்டாவது வாரத்திலிருந்து தன் கோப்பையில் ஒரு வாய் மைலோவை அவளுக்காக மிச்சம் வைத்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாதம் முடிந்த நாளை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.

6

பின்னொரு நாள், மகளை அழைத்துப்போக வந்த மாரியாயி என் கைப்பையிலிருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு என்ன என்று கேட்டார். நான் கதையைச் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு,

“அந்தப் புள்ளையோட அம்மா எங்க டீச்சர்?” என்றார்.

விட்டுவிட்டுப் போய்விட்டாள், பெரும்பாலும் இந்தக் கதைகளில் தாய் இருக்கமாட்டாள், அல்லது குடிப்பாள் என்றேன்.

“ஓ. அப்ப டீச்சருக்கு வசதிலா.”

சொல்லிவிட்டு என் கையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் புத்தகங்களைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை. தாய் இல்லாத கதையில் ஆசிரியைக்கு இடம் தாராளம். பள்ளி ஆண்டு முடிந்ததும் கதையை முடித்துவிடலாம் என்ற வசதியும் அவளுக்கு உண்டு. எங்களுக்கு அந்த இரண்டும் வாய்க்கவில்லை; அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கோமளா எங்களிடம் சில ஆண்டுகள் இருந்தாள். கோப்பையிலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து பெரிய சிறிய அளவுகளைப் பிரித்து அடுக்குவதற்கும், அதிலிருந்து தன் உடைக்குத் தானே பொத்தான் போடுவதற்கும் வந்தாள். பிறகு தோட்டம் விலைபோயிற்று. பால்மரங்களைச் சாய்த்துவிட்டு இப்போது அங்கே வீடுகள் கட்டுகிறார்கள். லயத்துக் குடும்பங்கள் திசைக்கொன்றாய்ப் பிரிந்தன. மாரியாயி கமுந்திங்கில் இருந்த தங்கையிடம் போய், அங்கே ஒரு தொழிற்சாலையின் சிற்றுண்டிச் சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

முத்திரை வாங்கிய அதே வாரம் நாங்கள் கமுந்திங்குக்குப் போனோம். ரூத்தும் வந்தாள். காரில் ஏறும்போதே, “அந்தப் புள்ள இப்ப பேசுதாமா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப அந்தக் கதை நல்லாருக்கும்லா” என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் மகளும் நானும் ஓர் இலக்கியக் கருத்தில் ஒத்துப்போன முதல் சந்தர்ப்பம் அது.

நாங்கள் போய்ச் சேர்ந்தது தேநீர் இடைவேளையின் கடைசி நேரம். சிற்றுண்டிச் சாலை நிறையத் தொழிலாளர்கள். மாரியாயி எங்களைச் சுவரோரம் உட்கார வைத்துத் தேநீர் கொண்டுவந்தார். கோமளா ஓரத்தில் ஒரு முக்காலியில், சுத்தமான கவுன் போட்டு, நெடுநெடுவென வளர்ந்த பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். காலடியில் வாளி. என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்ததா என்று என்னால் சொல்ல முடியாது.

கோப்பை பொறுக்கும் வேலைக்குத்தானா இத்தனை பாடுபட்டீர்கள் என்று இதைப் படிக்கும் தோழி கேட்கலாம். மிஸ் லியோங்கின் கேள்வியும் அதுதான். அதற்கு முழுப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. இந்த நாட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எங்கள் வகுப்பை விடப் பெரிய இடங்கள் வர வேண்டும், அவற்றைக் கேட்டு வாங்கும் வேலையை நாங்கள் விடப்போவதில்லை. ஆனால் அந்தச் சிற்றுண்டிச் சாலையில் நான் தேடிப் பார்த்த பொருள் ஒன்றுண்டு. தூண்கள் இருந்தன. எதிலும் துண்டு இல்லை.

ஆலைச் சங்கு ஊதியது. தொழிலாளர்கள் எழுந்து போனார்கள். கோமளாவும் எழுந்தாள். மேசை மேசையாக வந்தாள்: கவிழ்த்தாள், விரலால் வழித்தாள், அடுக்கினாள். எங்கள் மேசைக்கு வந்தபோது என் கோப்பை அப்படியே நிறைந்திருந்தது. பழைய கோமளாவாக இருந்தால் அது அந்தக் கணமே வாளிக்குள் போயிருக்கும். அவள் கோப்பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

அடுப்படியிலிருந்து மாரியாயி குரல் கொடுத்தார். “குடிச்சிருங்க டீச்சர். அது ஒங்களுக்காகத்தான் நிக்குது.”

தேநீர் நல்ல சூடு. ஊதி ஊதிக் குடித்தேன். அவள் அவசரப்படவில்லை.